பேர் எழுதிக்கொள்வதற்கு முன்



நாட்டின் பாதுகாப்புக்காக ஒரு மதத்தாரின் பெயர், முகவரியை மட்டும் தனிப் பதிவேட்டில் எழுதி வைக்கலாமா என்ற கேள்வியை ஒட்டி வாசகர்களாகிய உங்களிடமிருந்து கடிதங்கள் வந்தபடி இருக்கின்றன. கோபத்தோடு எழுதியவர்களும் உண்டு, பயந்து எழுதியவர்களும் உண்டு. குண்டு வெடித்த ஊரில் வாழ்ந்தவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும்; 1998 பிப்ரவரி 14 அன்று கோவையில் நடந்த தொடர் குண்டுவெடிப்பை ஒதுக்கிவிட்டு இதைப் பேச முடியாது. ஆனால் பயம் நியாயமானது என்பதாலேயே அதிலிருந்து பிறக்கும் முடிவும் நியாயமாகிவிடாது. அந்த முடிவுக்கு நாம் எந்த வழியாக வந்து சேர்கிறோம் என்பதைத்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறேன்.

இந்தக் கடிதங்களைப் படித்த கையோடு தருமபுரி மாவட்டத்து வத்தல்மலைக்குப் போயிருந்தேன். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது, நிழலில் காபிச் செடிகள், மேட்டுக்காட்டில் சாமையும் ராகியும். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் அவை. வாசலில் காபிப் பழத்தைக் காயப்போட்டுக் கையால் கிளறிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் பட்டியல், பதிவேடு என்று பேச்செடுத்தேன். “பட்டியல்ல எங்க பேரு இருக்கறதாலதானுங்க சார் பேரன் காலேஜ் போறான்” என்றார். உள்ளே போய், கோட்டாட்சியர் கையெழுத்திட்ட சாதிச் சான்றிதழைப் பிளாஸ்டிக் உறையோடு எடுத்துவந்து காட்டினார். நான்கு மடிப்பிலும் தேய்ந்திருந்தது அந்தத் தாள்.

அவர் சொன்னதில் நிறைய விஷயம் இருக்கிறது. தருமபுரி, சேலம் பகுதி மலையாளிகள் பழங்குடிப் பட்டியலில் இருக்கிறார்கள். ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் வாழும் அதே மக்கள் தங்களையும் சேர்க்கச் சொல்லி நெடுங்காலமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே, பட்டியல் என்றாலே கெடுதல் என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியாது. உரிமையைக் கொடுப்பதற்கான பட்டியலில் பேர் வர மக்களே போராடுகிறார்கள். சந்தேகப்படுவதற்காக எழுதப்படும் பட்டியல் வேறு வகை.

சந்தேகம் எப்படி ஓர் ஊர் முழுவதன் மேலும் விழும் என்பதை இதே மாவட்டம் அறியும். அரூர் பக்கம் சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கும் வாச்சாத்தியும் மலையாளி மக்களின் ஊர்தான். 1992 ஜூன் 20 அன்று சந்தனமரக் கடத்தலைத் தடுக்கிறோம் என்று வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் நுழைந்தன. வீடுகள் நொறுக்கப்பட்டன, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்ட அரசு ஊழியர்கள் 269 பேர். தருமபுரி நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தண்டனை விதித்தபோது அவர்களில் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை உறுதி செய்ய 2023 வரை ஆயிற்று. மரம் கடத்தியவர்கள் யாராவது அந்த ஊரில் இருந்தார்களா என்பதைத் தனியாக விசாரித்திருக்கலாம். ‘கடத்துபவர்கள் மலையில் இருக்கிறார்கள்’ என்பது ‘மலையில் இருப்பவர்கள் கடத்துகிறார்கள்’ என்று திரும்பியதில்தான் எல்லாம் நடந்தது.

இந்தத் திருப்பம்தான் மதப் பதிவேட்டுக்கான வாதத்தின் நடுவிலும் இருக்கிறது. ‘பிடிபட்ட பயங்கரவாதிகளில் பெரும்பாலோர் இன்ன மதம்’ என்பது, ஓரிடத்தில் ஒரு காலத்தில், உண்மையாகவே இருக்கலாம். அதிலிருந்து ‘இன்ன மதத்தாரைக் கண்காணிக்க வேண்டும்’ என்பது வராது. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 லட்சம் பேர் கொண்ட சமூகத்தில் 20 பேர் ஆபத்தானவர்கள் என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு ஒரு தடவை மட்டுமே தவறும் சோதனை ஒன்று நம்மிடம் இருந்தாலும், ஏறத்தாழ 10,000 அப்பாவிகளை அது சுட்டிக்காட்டும். அந்த 20 பேரும் இந்தக் கூட்டத்துக்குள் மறைந்துகொள்வார்கள். காவலர்கள் 10,000 வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும்போது, கதவைத் தட்டவேண்டிய வீடு தப்பிவிடும்.

இப்படியொரு பதிவேட்டை அமெரிக்கா எழுதியே பார்த்தது. 2002இல் தொடங்கி 25 நாடுகளைச் சேர்ந்த ஆண்களை நேரில் வந்து கைரேகை கொடுத்துப் பதியச் சொன்னார்கள். வடகொரியா தவிர மற்றவை ஏறத்தாழ எல்லாமே முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகள். 80,000க்கும் அதிகமானோர் வரிசையில் நின்று பதிந்தார்கள். 13,000க்கும் மேற்பட்டோர் மீது நாடுகடத்தும் நடவடிக்கை எடுக்கப்பட்டது. பயங்கரவாதக் குற்றத்துக்காகத் தண்டிக்கப்பட்டவர் ஒருவர்கூட இல்லை. 2011இல் நிறுத்தினார்கள், 2016 டிசம்பரில் விதியையே எடுத்துவிட்டார்கள்.

‘மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?’ என்று மூன்று வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். வழியில் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தாக்கத் தேடிப் போன கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. ஓட்டுப் போடுவதற்காகக் கொடுத்த பெயரும் முகவரியும் அவை. அந்த வீட்டுக்காரர்கள் மடியில் எந்தக் கனமும் இல்லை. 2007 ஜூன் 7 அன்று அதே கொழும்பில், விடுதிகளில் தங்கியிருந்த 376 தமிழர்களை, தக்க காரணம் இல்லாமல் தங்கியிருக்கிறார்கள் என்று சொல்லிப் பேருந்துகளில் ஏற்றி அனுப்பினார்கள். மறுநாளே உச்ச நீதிமன்றம் தடுத்தது. அரசு நிரூபிக்க வேண்டியதை, குடிமகன் நிரூபிக்க வேண்டியதாக அங்கே மாற்றிவிட்டார்கள். பதிவேட்டை எதிர்ப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். இன்று ஏடு எழுதினால் நாளை படுகொலைதான் என்பதும் தாவல்தான். நம் மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் மதம் கேட்கப்படுகிறது. ஆனால் 1948ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் படிவங்களைப் பிறர் பார்வையிட முடியாது, ஒருவருக்கு எதிரான சாட்சியமாகவும் கொண்டுவர முடியாது. எத்தனை பேர் என்று எண்ணுவது ஒன்று, யார் யார் என்று குறித்துவைப்பது வேறொன்று. பதிவேட்டை இந்த இடத்தில் நின்று எதிர்த்தால் அந்த வாதத்தை யாரும் அசைக்க முடியாது.

பாதுகாப்பில் உண்மையான அக்கறை உள்ளவர்கள் 2019 ஏப்ரல் 21 ஈஸ்டர் ஞாயிறைப் பார்க்க வேண்டும். இலங்கையில் தேவாலயங்களிலும் ஓட்டல்களிலும் 260க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதற்கு இரண்டு வாரங்களுக்கு முன்பே, ஏப்ரல் 4 அன்று, இந்தியாவிலிருந்து எச்சரிக்கை போயிருந்தது. தாக்குதலுக்குத் தலைமை தாங்கிய சஹ்ரான் ஹாசிமின் பெயரோடு ஏப்ரல் 11 தேதியிட்ட காவல்துறைக் குறிப்பும் இருந்தது. 2023 ஜனவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், அலட்சியத்துக்காக முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. மதவாரிப் பதிவேடு இல்லாததால் நடந்த கொலைகள் அல்ல அவை. கையில் வந்த ஒற்றைப் பெயரைப் பின்தொடராததால் நடந்தவை. அந்தப் பெயரை முன்கூட்டியே அதிகாரிகளிடம் சொல்லி, இவரைக் கவனியுங்கள் என்று முறையிட்டவர்களில் சஹ்ரானின் சொந்த ஊரான காத்தான்குடி முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்களையும் சேர்த்து சந்தேக ஏட்டில் எழுதிவிட்டால், அடுத்த தடவை வந்து சொல்ல யாருக்கு மனம் வரும்?

இரண்டு தரப்புக் கடிதங்களையும் அடுத்த இதழில் வெளியிடுகிறோம். இன்னும் எழுதாதவர்கள் எழுதுங்கள். முடிவோடு காரணத்தையும் சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்