உஷ்ணக் கணக்கும் ஐஸ் ஹவுஸும்

சென்னை-பெங்களூர்ச் சாலையில், உடையவர் அவதரித்த ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே பென்னலூர் என்னும் சிற்றூர் இருக்கிறது. அங்கே ஒரு பொறியியற் கல்லூரி. சுற்றிலும் இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம் முதலிய இடங்களில் மோட்டார்த் தொழிற்சாலைகள். இத்தகைய கல்லூரிகளில் மாணவர்கள் பெரிதும் அஞ்சும் பாடம் வெப்ப இயக்கவியல். "சூத்திரம் மனப்பாடம், எதை எங்கே போடுவது என்றுதான் விளங்கவில்லை" என்பது அவர்களுடைய முறையீடு. குறை கணிதத்தில் இல்லை, கணக்கிலுள்ள பொருளை மனக்கண்ணால் காணாமையில் இருக்கிறது என்பதே நமது அபிப்பிராயம்.

உதாரணம் ஒன்று காண்போம். 1833-ஆம் ஆண்டு பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் ட்யூடர், டஸ்கனி என்னும் கப்பலில் 180 டன் ஐஸ் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். நான்கு மாதப் பிரயாணத்துக்குப் பின் மிஞ்சியது சுமார் 100 டன். உருகிப்போன 80 டன் எவ்வளவு உஷ்ணத்தை உட்கொண்டது?

உஷ்ணநிலை மாற்றத்தால் பெருக்குகிற மாணவனுக்கு விடை பூஜ்யம்! உருகும்போது ஐஸ் பூஜ்ய டிகிரியிலேயே நிற்கிறதல்லவா? ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் வேண்டும். ஆகவே 80 டன்னுக்குச் சுமார் 2 கோடியே 67 லட்சம் கிலோஜூல்.

அடுத்து என்ட்ரோபி. உஷ்ணத்தை உஷ்ணநிலையால் வகுக்க வேண்டும். ஆனால் கெல்வின் அளவில். சென்டிகிரேடில் வகுக்கப் புகுந்தால் பூஜ்யத்தால் வகுக்க நேரும். 273 கெல்வினில் ஒரு கிலோ ஐஸ் அடைவது 1.22 அலகு. வெளிக்காற்று 27 டிகிரி, அதாவது 300 கெல்வின் என்று கொண்டால், அது இழப்பது 1.11. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 0.11 மிச்சம். இந்த மிச்சம் ஒருபோதும் குறைவதில்லை. உருகிய நீர் வெயிலில் தானே மீண்டும் உறையாததற்குக் காரணம் அதுவே.

வாயுவுக்கும் இதே எச்சரிக்கை உண்டு. காலையில் 27 டிகிரியில் டயரின் அழுத்தமானி 200 கிலோபாஸ்கல் காட்டுகிறது. நண்பகலில் டயருக்குள் 57 டிகிரி. காற்றுமண்டலத்தின் 100-ஐயும் சேர்த்து 300 என்று கொள்க. 300 கெல்வின் 330 ஆகும்போது அழுத்தமும் 330 ஆகும். மானி 230 காட்டும். 27-ஐயும் 57-ஐயும் அப்படியே போடுகிறவனுக்கு 400-க்கு மேல் விடை வரும். அவனுடைய காகிதத்தில் டயர் வெடித்துவிடும்!

இது வெறும் பரீட்சை விவகாரமன்று. சென்னைக் கடற்கரையில் ட்யூடர் கம்பெனி 1842-இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்று விவேகானந்தர் இல்லமாக விளங்குகிறது. அந்த நூற்றாண்டிலேயே யந்திரத்தால் ஐஸ் செய்யும் முறை இந்நகருக்கு வந்தது. அமெரிக்கக் கப்பலுக்குக் காத்திருந்த காலமும் ஒழிந்தது. உஷ்ணத்தின் போக்கை அறிந்த தேசம் தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்கிறது.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவில், மெக்கானிகல் பொறியியலைத் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. வீட்டிலும் அப்பணி நடக்கலாம். பிள்ளைகள் சூத்திரத்தைத் தேடுமுன், எது சூடாகிறது, எது உருகுகிறது, எது மாறாமல் நிற்கிறது என்பதைத் தமிழில் நான்கு வாக்கியங்களில் சொல்லட்டும். பெற்றோர் பொறியியல் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையாகக் கேட்டால் போதும். சொல்ல முடிந்த கணக்கில் பாதி முடிந்தாயிற்று.