சமமில்லாததற்குச் 'சமவாய்ப்பு' என்று பெயரா?

தமிழகத்தின் வடக்கெல்லை திருவள்ளூர் மாவட்டம். போராடிப் பெற்ற திருத்தணி 1960இல் நம்மோடு இணைந்தது. மண்ணெல்லையை மீட்டோம். அதே மாவட்டத்துக் கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையில் பொறியின்முன் நிற்கும் தமிழிளைஞனின் அறிவெல்லையை மீட்டோமா?

அவன் மேனிலைப் பள்ளியில் தமிழ்வழியே கணக்குப் படித்தவன். அந்நூலில் 'சமவாய்ப்பு மாறி' என்றொரு கலைச்சொல் உண்டு. ஆங்கிலேயர் 'ரேண்டம் வேரியபிள்' என்பதற்கு நம்மவர் இட்ட பெயர் அது. 'சம' தமிழா, வடசொல்லா என்னும் வழக்கு ஒருபுறம் கிடக்கட்டும். பொருளே பிழையன்றோ?

இரண்டு காசுகளைச் சுண்டுக. விழும் தலைகளை எண்ணுக. 0, 1, 2 என மூன்றிலொன்று வரும். இவ்வாறு ஒவ்வொரு விளைவுக்கும் ஓர் எண்ணைப் பொருத்தும் முறையே அம்மாறி. 0 வருவதன் நிகழ்தகவு கால். 1 வருவது அரை. 2 வருவது கால். வாய்ப்புச் சமமாயிருப்பது எங்கே? குலுக்கிய சீட்டுகளுள் ஒன்றை எடுக்கும்போது எல்லாச் சீட்டுக்கும் ஒத்த வாய்ப்பு உண்டு, ஒப்புகிறோம். அவ்வொரு நிலைக்குரிய பெயரை எல்லா மாறிக்கும் சூட்டியது, யானையின் காலைத் தடவி உரலென்றவன் கதையே!

இது சொற்பூசல் அன்று, சோற்றுப்பூசல். ஒரு பொறி பத்து மரையாணிக்கு ஒன்றைப் பழுதாக்கும் இயல்பினது என்று கொள்வோம். பத்தெடுத்தால் ஒன்றே பழுதாயிருக்கும் என்று மேலாளர் எண்ணுவார். கணக்கோ, பத்துப்பத்தாய் நூறுமுறை எடுப்பின் ஏறத்தாழ 35 முறை பழுதே இராது, 39 முறை ஒன்றிருக்கும், 26 முறை இரண்டோ அதற்கு மேலோ இருக்கும் என்கிறது. அந்த 26இல் ஒன்று நேர்ந்த நாளில், "உன் கருத்தின்மை" என்று கூலியை வெட்டினால் அது முறையா? இயல்பான ஏற்றத்தாழ்வு எது, புதிதாய் நுழைந்த கோளாறு எது எனப் பிரித்தறியவே அமெரிக்க அறிஞர் வால்ட்டர் சூவார்ட்டு 1924இல் கட்டுப்பாட்டு வரைபடத்தை வகுத்தார். இதனைத் தெளிந்த தொழிலாளி எதிர்த்து வினவுவான். 'சமவாய்ப்பு' என்று மயங்கியவனோ வாயடைத்து நிற்பான்.

"ஆங்கிலத்திலேயே படித்துவிட்டால் தொல்லை தீருமே" என்பார் சிலர். பொருள் விளங்காத ஒலியை உருப்போடுவது படிப்பாகுமா? பிழைத்த சொல்லுக்கு மருந்து திருத்தமான சொல், அயற்சொல் அன்று.

ஈழத்தமிழர் 'எழுமாற்று மாறி' என்று வழங்குகின்றனர். 'நிகழ்தகவு' என்னும் பொற்சொல்லைக் கடலின் இருகரைத் தமிழரும் ஆளும்போது, இதனை மட்டும் ஏற்கத் தயக்கம் ஏன்? அதுவும் வேண்டாவெனின், 'சம'வை வெட்டியெறிந்து 'வாய்ப்பு மாறி' என்க. பொருளும் பிழையாது, தமிழும் கெடாது.

ஆசிரியப் பெருமக்களே! நூல் திருந்தும்வரை காத்திராதீர்! நாளை வகுப்பில் இரண்டு காசுகளைச் சுண்டிக் காட்டுங்கள். 'சம' என்னும் பொய்யைக் கரும்பலகையிலிருந்து துடைத்தெறியுங்கள்!