ஐந்தில் ஒரு பங்கு

சருகுக் குப்பைக்கு அடியில் ஒரு குடும்பக் கதை நடக்கிறது என்றால் நம்புவீர்களா, சகோதரிகளே?

1933-ல் அமெரிக்காவின் வட கரோலினாக் காட்டுச் சருகில் கென்னத் ரேப்பர் என்ற விஞ்ஞானி ஒரு புது ஜீவனைக் கண்டெடுத்தார். 'டிக்டியோஸ்டீலியம்' என்ற இனத்தைச் சேர்ந்தது அது. பூசணம் மாதிரி தோன்றினாலும் உண்மையில் அமீபாதான். வயிறு நிறைந்திருக்கும் வரையில் ஒன்றை ஒன்று திரும்பிப் பார்க்காது. தனித்தனியே பாக்டீரியாவைத் தின்று திரியும்.

பட்டினி வந்ததோ இல்லையோ, கூப்பாடு எழும்! 'சைக்ளிக் ஏ.எம்.பி.' என்ற ரசாயனந்தான் அந்தக் குரல் என்று 1967-ல் ஜான் டைலர் பானரும் சகாக்களும் கண்டார்கள். நம் உடலின் அணுக்களுக்குள் சேதி சொல்வதும் இதே ரசாயனந்தான்!

குரல் கேட்டு ஒரு லட்சம் அமீபாக்கள் வரைகூட ஒன்றுகூடி, சிறு புழுப்போல் வெளிச்சத்தை நாடி ஊர்கின்றன. பிறகு, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தண்டாக எழுந்து நின்று, அப்படியே உயிரை விடுகின்றன. மற்றவை அதன் உச்சியில் விதைபோல் உறங்கிப் பிழைக்கின்றன.

தண்டாக மறுக்கும் ஏமாற்றுக்காரர்களும் உண்டு. 2000-ல் ஆராயப்பட்ட ஒரு வகை, பிறர் தயவில் நன்றாகப் பிழைத்தது. தனியே விட்டபோதோ விதையே சரியாக உண்டாகவில்லை!

"எனக்குப் பசியில்லை" என்று கடைசிப் பிடிச் சோற்றையும் பிறர் இலையில் போடுகிறவர் உங்கள் வீட்டிலும் இருப்பார். இன்றைக்காவது அவரை முதல் பந்தியில் உட்கார்த்துங்கள். அவர் நீங்களேயானால், கூசாமல் உட்காருங்கள்!