மீனுக்குத் தக்க தண்ணீர் தேடாதீர்கள், தண்ணீருக்குத் தக்க மீனை வளருங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. முழுவதும் படித்துவிட்டுத் திட்டுவதானால் திட்டுங்கள்.

நம் அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து மீன் வளர்ப்பது பெருகிவிட்டது. நல்ல பழக்கம்தான். பிள்ளைகள் செல்போனை வைத்துவிட்டு ஓர் உயிரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் எந்த வாத்தியாருக்குத்தான் கசக்கும்? நான் எதிர்ப்பது அதோடு ஒட்டிக்கொண்டு வரும் இன்னொன்றை. "நம்ம ஊர்த் தண்ணி மீனுக்கு ஆகாது, ஆர்.ஓ. தண்ணி ஊத்தினாத்தான் பிழைக்கும்" என்கிறார்கள். அதை நம்பி, தொட்டிக்கென்றே தனியாக ஆர்.ஓ. மாட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். குடிக்க வாங்கும் கேன் தண்ணீரைத் தொட்டியில் கவிழ்க்கிறவர்களும் இருக்கிறார்கள். இது அறிவியலும் இல்லை, நியாயமும் இல்லை.

நான் ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்த இடைநிலை ஆசிரியன். நடுநிலைப் பள்ளி அறிவியல்தான் எனக்குத் தெரிந்தது. இந்த விஷயத்துக்கு அதுவே போதும்.

முதலில் அந்தக் கம்பி வித்தை. விற்பனைக்கு வருகிற தம்பி இரண்டு கண்ணாடித் தம்ளர் வைப்பார். ஒன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர், மற்றதில் உங்கள் வீட்டுத் தண்ணீர். இரண்டிலும் கம்பிகளை விட்டு மின்சாரம் கொடுப்பார். உங்கள் தண்ணீர் சாக்கடை மாதிரி பழுப்பாகப் பொங்கும். வீட்டுப் பெண்கள் பயந்துபோவார்கள். உண்மை என்ன? உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும். பாயும்போது அந்த இரும்புக் கம்பியே கரைந்து துருவாக வெளியே வரும். நீங்கள் பார்த்த அழுக்கு அவருடைய கம்பியிலிருந்து வந்தது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு குறைவு, அதனால் மின்சாரம் சரியாகப் பாயாது, நிறமும் மாறாது. அடுத்த முறை வந்தால் அவருடைய தம்ளரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள். அதுவும் பொங்கும்.

சரி, நம் தண்ணீரில் என்னதான் இருக்கிறது? மீன் வளர்ப்பவர் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை இரண்டு: குளோரின், உப்பு.

நகராட்சிக் குழாயில் நமக்கு வருவது வைகையும் தாமிரபரணியும் கொடுத்த தண்ணீர். அதில் கிருமி ஒழிய குளோரின் கலக்கிறார்கள். குழாயில் வரும்போது லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம். நமக்கு அது காவல், மீனுக்கு அதுவே செவுளை அரிக்கும் நஞ்சு. இதற்கு மெஷின் தேவையில்லை. வாய் அகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் திறந்து வைத்தால் குளோரின் பறந்துவிடும். காற்று மோட்டாரை அதில் போட்டுவிட்டால் இன்னும் சீக்கிரம் போகும். அவசரம் என்றால் கடையில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கும் சோடியம் தயோசல்பேட் சில சொட்டுகள் போதும். யூடியூபில் வெளிநாட்டுக்காரர் "திறந்து வைத்தாலும் போகாது" என்று சொல்வது குளோரமைனை. அங்கே சில நகரங்களில் குளோரினோடு அம்மோனியாவும் சேர்க்கிறார்கள். நம் பக்கம் பொதுவாகப் போடுவது பிளீச்சிங் பவுடரோ குளோரின் வாயுவோதான்.

அடுத்தது உப்பு. போர் தண்ணீரில் கால்சியம், மக்னீசியம் எல்லாம் கூடுதல்தான். குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை இருக்கலாம், வேறு வழி இல்லாத இடத்தில் 2,000வரை பொறுக்கலாம் என்கிறது இந்தியத் தரம். ஆனால் மனிதனுக்கு வாயில் கரிக்கிற தண்ணீர் எல்லா மீனுக்கும் கெடுதல் என்று யார் சொன்னது? கப்பி, மோலி, பிளாட்டி, வாள்வால் மீன் எல்லாம் கடின நீரில் செழிக்கிறவை. மோலி உவர்நீரில்கூட வாழும். தங்கமீனும் தாங்கும். ஆப்பிரிக்காவின் மலாவி, டாங்கனிகா ஏரிகளிலிருந்து வந்த சிக்லிட் மீன்களுக்குக் கடினமும் காரமும் உள்ள தண்ணீர்தான் சொந்த ஊர். மென்னீர் கேட்பவை அமேசான் பக்கத்து நியான் டெட்ரா, டிஸ்கஸ் போன்றவை. மழைக்காட்டு மீனைக் கரிசல் காட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு, கரிசல் காட்டுத் தண்ணீரைக் குறை சொல்வது என்ன நியாயம்?

இதில் வேடிக்கை, உப்பே இல்லாத ஆர்.ஓ. தண்ணீரை அப்படியே ஊற்றினால் மீனுக்கு ஆகாது. அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும் கார்பனேட் அதில் இல்லாததால் பி.எச். திடீரென்று சரியும். அதற்கு 'மினரல்' பொட்டலம் தனியாக விற்கிறார்கள். காசு கொடுத்து உப்பை எடுக்கிறோம், பிறகு காசு கொடுத்து உப்பைப் போடுகிறோம்.

இனி கணக்கு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டியில் சுமார் 56 லிட்டர் பிடிக்கும். வாரம் கால் பங்கு மாற்றினால் 14 லிட்டர், ஏறக்குறைய ஒரு குடம். சாதாரண வீட்டு ஆர்.ஓ. ஒரு குடம் கொடுக்க மூன்று குடம் வெளியே தள்ளும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வாரம் 42 லிட்டர், வருடம் 2,184 லிட்டர். ஜல் ஜீவன் திட்டத்தில் கிராமத்து ஆள் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்றுதான் கணக்கு. அப்படியானால் ஒருவருடைய 40 நாள் தண்ணீர் ஒரு சின்னத் தொட்டிக்காகச் சாக்கடையில் போகிறது. தள்ளுவண்டியில் ஐந்தாறு குடத்தை அடுக்கி வெயிலில் தள்ளிவரும் பெண்களைத் திருச்சுழிப் பக்கம் பார்க்காதவர் யார்? 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், உப்பு 500 மில்லிகிராமுக்குக் குறைவான இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யவும், மற்ற இடங்களில் 60 சதவீதத் தண்ணீராவது மீள வேண்டும் என்று விதிக்கவும் அரசுக்கு உத்தரவிட்டது. மனிதர் குடிக்கும் தண்ணீருக்கே இந்தக் கவலை என்றால் தொட்டிக்கு?

"சார், மீனும் உயிர்தானே, செத்துப்போகுதே" என்பீர்கள். சாகிறது, உண்மை. பெரும்பாலும் எதனால் தெரியுமா? அம்மோனியாவால். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகும். அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா, ஃபில்டர் பஞ்சில்தான் குடியிருக்கிறது. அது நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நாம் தொட்டி வாங்கிய அன்றே இருபது மீன் விடுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மொத்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு, பஞ்சைக் குழாயடியில் பளபளவென்று அலசுகிறோம். குளோரினில் பாக்டீரியா சாகிறது, பின்னாலேயே மீனும் சாகிறது. பழி ஊர்த் தண்ணீருக்கு! காரம் கூடிய தண்ணீரில் அம்மோனியாவின் நஞ்சும் கூடும். ஆகவே நம் பக்கம் அளவாகத் தீனி போடுவதுதான் முதல் வைத்தியம்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. பஞ்சைத் தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே அலசுங்கள்.

2. வாரம் கால் பங்கு மட்டும் மாற்றுங்கள். நம் வெயிலில் தண்ணீர் ஆவியாகும், உப்பு தொட்டியிலேயே தங்கும். வெறுமனே மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் உப்பு ஏறிக்கொண்டே போகும்.

3. புது மீனைப் பையோடு மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்குங்கள். கொளத்தூரிலிருந்து வந்த மீனுக்கு நம் தண்ணீர் புதுசு.

4. மென்னீர் மீன்தான் வேண்டும் என்று அடம்பிடித்தால் மழைநீரைப் பிடியுங்கள். 2003இல் தமிழ்நாட்டில் கட்டாயமாக்கிய மழைநீர் சேகரிப்பு பல வீடுகளில் குழாயோடு நின்றுவிட்டது. முதல் மழையை விட்டுவிட்டு, ஐப்பசி, கார்த்திகை மழையைச் சுத்தமான மாடியிலிருந்து பிடித்து மூடிவைத்தால் அதைவிட மென்மையான தண்ணீர் கிடையாது. போர் தண்ணீரோடு கலந்து ஊற்றலாம்.

5. கழித்த தண்ணீரை மல்லிகைச் செடிக்கு விடுங்கள், அதில் உரம் இருக்கிறது. தொட்டியில் மருந்தோ உப்போ போட்டிருந்தால் மட்டும் வேண்டாம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உப்பு மிகுந்த போர் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லாத கிராமத்தில் குடிக்க ஆர்.ஓ. வைப்பதை நான் குறை சொல்லவில்லை. உங்கள் தண்ணீரில் என்ன இருக்கிறது என்று அறிய, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். விற்க வந்தவரின் கம்பியை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

தொட்டி வைத்திருக்கும் உறவினர்களுக்கு இதைப் பகிருங்கள். மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

– ஓய்வு பெற்ற இடைநிலை ஆசிரியர், அருப்புக்கோட்டை