இதழடைவும் ஆய்வு நேர்மையும்

'இப்பொருள் குறித்து இதுகாறும் எவரும் ஆராய்ந்திலர்' என்னும் தொடர் தமிழ் முனைவர்பட்ட ஆய்வேடுகளின் முன்னுரைகளில் வாய்பாடு போல் இடம்பெற்று வருகிறது. இக்கூற்றுக்குச் சான்றாக அமைவன பெரும்பாலும் நூற்பட்டியல்களும் முந்தைய ஆய்வேடுகளின் தலைப்புகளுமே. செந்தமிழ் (1902), செந்தமிழ்ச் செல்வி (1923), தமிழ்ப் பொழில் (1925) முதலிய இதழ்களின் தொகுதிகளைப் பாராமல் இவ்வாறு எழுதுவது ஆய்வு முடிபு ஆகாது; தேடாமையை மறைக்கும் சொல்லே ஆகும்.

இக்காலத் தமிழிலக்கியத்திற்கு இதழ்களே முதன்மைச் சான்றுகள். மணிக்கொடியையும் (1933) எழுத்துவையும் (1959) விடுத்துச் சிறுகதை, புதுக்கவிதை ஆகியவற்றின் வரலாற்றை எழுத இயலாது. ஆ. இரா. வேங்கடாசலபதி 2000இல் வெளியிட்ட புதுமைப்பித்தன் கதைகள் பதிப்பு, இதழ் வடிவத்தை ஒப்பு நோக்குவதன் பயனை உணர்த்தியது. ஆயினும் பிற்காலத் தொகுப்பு நூலையே மூலமாகக் கொள்ளும் வழக்கம் ஒழிந்தபாடில்லை.

பழைய இதழ்கள் மின்வடிவில் கிடைக்கும்போது அடைவு எதற்கு என வினவுவோர் உளர். பக்கங்களின் படம் வேறு, அடைவு வேறு. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய எழுத்துருக்களும் சந்தியால் திரிந்த சொற்களும் கணினித் தேடலுக்குத் தடையாகின்றன. புனைபெயரோ பெருந்தடை. புதுமைப்பித்தன் என்று தேடுபவருக்கு 'ரசமட்டம்' என்ற பெயரில் அவர் எழுதியவை அகப்படா. பாரதி என்று தேடுபவருக்கு 'ஷெல்லிதாஸ்' தென்படார். இவற்றை இணைத்துக் காட்டுவது பொருளறிந்த அடைவாளரின் பணி.

ஆங்கிலத்தில் 1802 முதல் 1881 வரையிலான இதழ்க் கட்டுரைகளுக்கு வில்லியம் பூல் தொகுத்த அடைவு 1882இலேயே வெளிவந்தது. தமிழிலோ சில இதழ்களுக்குத் தனித்தனி அடைவுகள் உள்ளனவேயன்றி, அனைத்தையும் தழுவித் தொடர்ந்து புதுப்பிக்கப்பெறும் கட்டுரையடைவு இல்லை. இதனால் பெரிதும் இடர்ப்படுவோர் தமிழகத்திற்கு வெளியே பயிலும் ஆய்வாளர்கள். தில்லியிலிருந்தோ காசியிலிருந்தோ சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திற்குச் சில நாள் பயணமாக வருபவர், எந்த இதழின் எந்தத் தொகுதியைக் கேட்பது என்று அறியாமலே பொழுதை இழக்கிறார்.

இக்குறைக்கு நூலகங்களைப் பழிப்பது எளிது. பொறுப்போ தமிழ்த் துறைகளுடையது. அடைவு தொகுத்தலை எழுத்தர் வேலை எனத் தாழ்த்தி, அதற்கு ஆய்வு மதிப்பு அளிக்க மறுப்பன அவையே. ஒவ்வோர் ஆய்வேடும் தான் பார்த்த இதழ்த் தொகுதிகளின் அடைவைப் பின்னிணைப்பாகக் கொண்டிருத்தல் வேண்டும் என விதித்தால், சில ஆண்டுகளிலேயே பொது அடைவுக்கு அடித்தளம் அமையும். அதுவரை 'எவரும் ஆராய்ந்திலர்' என்னும் தொடரை நெறியாளர்கள் சான்றின்றி ஏற்றல் தகாது.