கொம்பு போடறது யார் வேலை?

இந்த வார எபிசோட்ல வியூவையும் லாஜிக்கையும் பிரிக்கிறது பத்திப் பேசினோம். 1979ல ஜெராக்ஸ் பார்க்கில் ட்ரிக்வே ரீன்ஸ்கவ் எம்விசி-யை எழுதி வச்சார். 2004ல மார்ட்டின் ஃபௌலர், பட்டன் எரியணுமாங்கிற முடிவைக்கூடத் திரைக்கு வெளியே ஒரு கிளாஸுக்குக் கொண்டுபோனார்.

இதுக்கு நம்ம எழுத்துலயே உதாரணம் இருக்கு. 'கெ' எழுதும்போது கொம்பு முன்னால, க பின்னால. பழைய திஸ்கி குறியேற்றம் அதைக் கண்ணுக்குத் தெரியற வரிசையிலேயே சேமிச்சது. அப்படியே சார்ட் பண்ணினா கெண்டை, செடி, தெரு எல்லாம் கொம்புக்குக் கீழ ஒண்ணா வந்து நிக்கும். யூனிகோடு க-வை முதலில் வைக்கிறது, குறி பிறகுதான். கொம்பை முன்னே தள்ளி வரையறது ரெண்டரிங் எஞ்சினோட பாடு. (தாய்லாந்து எழுத்து யூனிகோடிலும் கண்வரிசைதான். சார்ட்டிங்ல அதுக்கு இன்னமும் தனிச் சடங்கு.)

இங்க ஆக்லாந்துல அப்பா ஒரு ஆப்பில் பதிவு பண்ணப் பார்த்தார். அவருக்கு இனிஷியல்தான், குடும்பப் பெயர் கிடையாது. கட்டம் காலி, பட்டன் சாம்பல். கடைசியில தாத்தா பேரைப் போட்டார். இப்ப மெயில் எல்லாம் தாத்தாவுக்கு வணக்கம் சொல்லி வருது.

இந்த மாதிரி விதி பதிவுத் திரை, ப்ரொஃபைல், பணம் கட்டற பக்கம்னு மூணு வியூல தனித்தனியா ஒளிஞ்சிருக்கறதை வேலையில பார்த்திருக்கேன். ஒண்ணைத் திருத்தினா மத்த ரெண்டும் தப்பிச்சுடும். ஒரே கிளாஸ்ல இருந்தா, ஒத்தைப் பேர்க்காரருக்கு ஒரு டெஸ்ட் போதும், திரையே திறக்க வேண்டாம்.

ரெண்டு கட்ட லாகினுக்கு நாலு லேயர் போடறவங்களோட நான் சேரமாட்டேன். பேர் செல்லுமாங்கிறது வேற விஷயம். உங்க ஆப்ல அந்தச் செக் எத்தனை ஃபைல்ல இருக்குன்னு திங்கட்கிழமை தேடிப் பார்த்துட்டு எழுதுங்க.