யாருடைய செல், யாருக்கான மருந்து?

ஸ்டெம் செல் ஆய்வு என்றாலே பணக்காரர்களின் மருத்துவம் என்று ஒதுக்கிவிடும் பழக்கம் எனக்கும் இருந்தது. பிரிட்டனின் ‘ஹிப்சை’ கூட்டு ஆய்வைப் பற்றிப் படித்த பிறகுதான், அது நம் அரசியலுக்குள் வரவேண்டிய செய்தி என்று புரிந்தது.

வெல்கம் சாங்கர் நிறுவனம், லண்டன் கிங்ஸ் கல்லூரி, டண்டீ பல்கலைக்கழகம் முதலியவை சேர்ந்து நடத்திய ஆய்வு அது. நலமாக உள்ளவர்களிடம் ஒப்புதல் பெற்றுத் தோலில் சிறு துணுக்கு எடுத்தார்கள். ஷின்யா யமனாகா 2006இல் காட்டிய வழியில் அதன் செல்களை, எந்த உறுப்பின் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்களாக மாற்றினார்கள். 301 பேரிடமிருந்து உருவாக்கிய 711 செல் வரிசைகளின் முடிவுகள் 2017இல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தன. அவற்றைப் பிற ஆய்வாளர்களும் பயன்படுத்தலாம். இது மெய்யான முன்னேற்றம்.

அந்த ஆய்வு சொன்ன முக்கியமான செய்தி: செல்களின் பண்புகளில் காணும் வேறுபாட்டில், பண்பைப் பொறுத்து 5 முதல் 46 விழுக்காடு வரை ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டால் வருகிறது. “பார்த்தீர்களா, பிறப்பிலேயே வேறுபாடு!” என்று நம் ஊர் சாதிப் பெருமைக்காரர்கள் கிளம்பக்கூடும். இது தனிமனிதர்களுக்கு இடையிலான வேறுபாடு. இதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை.

ஆளுக்கு ஆள் செல் மாறுமென்றால், யாருடைய செல்லை வைத்து நோயை ஆராய்கிறோம், மருந்தைச் சோதிக்கிறோம் என்பது அரசியல் கேள்விதானே? ஹிப்சைக்குத் தோல் கொடுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஐரோப்பிய வம்சாவளியினர்.

இங்கே எனக்கு ஹென்ரியட்டா லாக்ஸ் நினைவுக்கு வருகிறார். 1951இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் அந்தக் கறுப்பினப் பெண்ணின் புற்றுநோய்க் கட்டியிலிருந்து, அவரைக் கேட்காமலே செல்களை எடுத்தார்கள். அந்த ‘ஹீலா’ செல்கள் போலியோ தடுப்பூசி ஆய்வுக்கு உதவின. நிறுவனங்கள் அவற்றை விற்றுப் பணம் பார்த்தன. 2013இல் அவற்றின் மரபணுத் தொகுதியையும் குடும்பத்தைக் கேட்காமலே வெளியிட்டார்கள். குடும்பம் எதிர்த்த பிறகுதான், அந்தத் தரவை யாருக்குத் தருவது என்று பார்க்கும் குழுவில் அவர்களுக்கு இடம் கிடைத்தது.

கேட்காமல் எடுத்த காலத்தில் ஒடுக்கப்பட்டவரின் உடல் தேவைப்பட்டது. கேட்டு எடுக்கும் காலம் வந்ததும் அந்த உடல் பட்டியலில் அரிதாகிவிட்டது. இரண்டும் அநீதிதான்.

அறிவியலை வெறுப்பது இதற்கு விடையல்ல. பட்டியலில் எல்லா மக்களும் இருக்க வேண்டும். ஒப்புதலோடு இருக்க வேண்டும். முடிவெடுக்கும் மேசையிலும் அவர்கள் உட்கார வேண்டும். உடலைத் தருபவர்களுக்கு மருந்து எட்டாவிட்டால், அது முன்னேற்றம் அல்ல, புதுவகைச் சுரண்டல். ஆய்வகத்துக்குள் போகும் நம் தோழர்கள் இந்தக் கேள்வியையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.